சோக் இழுத்த காலமும் அடுகோடி பிளக்கும்

பனிக்காலம் வந்தாச்சு. டொரண்டோ பக்கம் நம்ம மக்கள் நாலு பேர் சேர்ந்தா இப்ப ஒரே பேச்சுதான். "டயர் மாத்தியாச்சா?", "பேட்டரிக்கு எத்தனை வயசு?" கார்ப் பைத்தியங்கள்னா இன்னும் ஒரு படி மேலே போய் எஞ்சின் ஆயிலுக்கே பட்டிமன்றம் நடத்துவாங்க. இதெல்லாம் காதுல விழும்போது எனக்கு ஞாபகம் வர்றது பனியே விழாத ஒரு இடம். பெங்களூரு அடுகோடி. அங்க ஒரு வங்கிக் கிளையில சில வருஷம் குப்பை கொட்டினவன் நான்.

குளிர்ல கார் கிளம்பறதுக்கும் அடுகோடிக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்கு.

ஓசூர் ரோடு ஓரத்துல, அடுகோடியில, மைக்கோ தொழிற்சாலை இருந்தது. மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிங்கறதோட சுருக்கம்தான் மைக்கோ. 1951ல ஜெர்மனியின் பாஷ் கம்பெனி துணையோட ஆரம்பிச்சது. பாஷ் 1886ல ஸ்டுட்கார்ட்ல ஒரு சின்னப் பட்டறையா பிறந்தது. 1902ல அங்க வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதுக்கேத்த ஸ்பார்க் பிளக்கையும் கொண்டு வந்தார். 1927ல டீசல் பம்ப் வந்தது. அந்த பிளக்கும் பம்பும்தான் பின்னாடி அடுகோடிக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துல மைக்கோ லேஅவுட்னு ஒரு குடியிருப்பே கம்பெனி பேர்ல இருக்கு.

ஏன் அந்த சமயத்துல? 1953ல டாரிஃப் கமிஷன் ஒரு சிபாரிசு பண்ணுச்சு. வெளிநாட்டு உதிரி பாகத்தை இறக்கிப் பூட்டிக் கொடுக்கிற வேலை வேணாம், இங்கேயே தயாரிக்கிறவங்க இருந்தா போதும்னு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் நின்னது அம்பாசடர், ஃபியட், நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இதுக்கெல்லாம் உள்ளூர் பிளக் வேணுமே? மைக்கோவுக்கு அடிச்சது யோகம்.

கார் வாங்கறது அப்ப சாமானியமான காரியமா? பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். 1959ல மத்திய அரசு கார் விற்பனைக்கே ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டுச்சு. புது ஃபியட்டை வெளியே கொண்டு வந்த உடனே கொடுத்த விலையை விட அதிகம் தந்து வாங்க ஆள் இருந்தது. தேய்மானம்னு பி.காம்.ல உருப்போட்டதெல்லாம் இங்க தலைகீழ்! அப்படிக் கிடைச்ச வண்டியை இருபது வருஷம் காப்பாத்தணும். அதனால ஓட்டறவர் பாதி மெக்கானிக்கா இருந்தே ஆகணும்.

குறிப்பா மார்கழிக் காலையில. பெட்ரோல் திரவமா எரியாது, ஆவியானாத்தான் எரியும். குளிர்ல சரியா ஆவியாகாது. அதுக்குத்தான் சோக். டேஷ்போர்டுல இருக்கிற குமிழை இழுத்தா கார்புரேட்டருக்குக் காத்து குறையும், பெட்ரோல் விகிதம் கூடும், எஞ்சின் இருமிக்கிட்டே உயிர் பிடிக்கும். கொஞ்சம் அதிகமா இழுத்தீங்களோ, பிளக் நனைஞ்சு போச்சு. கழட்டி, துடைச்சு, உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, இடைவெளி பார்த்து மறுபடி மாட்டணும். அதுக்கும் மசியலைன்னா ஹேண்டில் போட்டுச் சுத்தணும். கடைசி ஆயுதம், தெருவுல போறவங்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்றது. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்தை அழுத்தி வர்ற சூட்டுலயே எரியும். குளிர்ல அந்தச் சூடு பத்தாதுன்னு ஹீட்டர் பிளக் சிவக்கற வரைக்கும் காத்திருக்கணும்.

இத்தனைக்கும் பெங்களூர்ல பதிவான மிகக் குறைஞ்ச வெப்பநிலை 7.8 டிகிரிதான். அதுவும் 1884 ஜனவரியில!

அப்புறம் 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. காத்திருப்பு மெல்லக் குறைஞ்சது, கடன் கொடுக்க வங்கிகள் போட்டி போட்டன. 1999ல சுப்ரீம் கோர்ட் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கினதும் கார்புரேட்டர் காலம் முடிவுக்கு வந்துச்சு. அந்த இடத்துக்கு வந்த கம்ப்யூட்டர் எஞ்சின் சூட்டைத் தானே அளந்து, பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைக்குது. சோக் குமிழ் காணாமலே போயிடுச்சு.

அடுகோடியும் மாறிடுச்சு. 2008ல மைக்கோங்கிற பேர் போய் பாஷ் லிமிடெட் ஆச்சு. உற்பத்தி பிடதிக்குப் போச்சு. 2022 ஜூன்ல, பாஷ் இந்தியாவுக்கு வந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி, பழைய இடத்துல 76 ஏக்கர் வளாகம் திறந்தாங்க. பிளக் செஞ்ச மண்ணுல இப்ப மென்பொருள் வேலை.

சந்தோஷமான முன்னேற்றம்தான். ஆனா இதுல ஒரு விஷயம் நம்ம கையை விட்டுப் போயிடுச்சுன்னு தோணுது. அந்தக் காலத்து வண்டி முரண்டு பிடிச்சே "இன்னைக்குக் குளிருது, நிதானம்"னு சொல்லும். இப்ப மைனஸ் இருபதுலயும் பட்டனைத் தொட்டா உறுமுது. கிளம்பின சுகத்துல, வெளியே ரோடு கண்ணாடி மாதிரி கிடக்கிறது மறந்து போகுது. கிளப்பறதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. நிறுத்தறதை முழுசா எடுத்துக்கல.

ஏபிஎஸ் 1978லயும், வண்டி சறுக்காம தடுக்கிற ஈஎஸ்பி 1995லயும் இதே பாஷ் சந்தைக்குக் கொண்டு வந்ததுதான். கனடாவுல 2011 செப்டம்பருக்கு அப்புறம் தயாரான கார்கள்ல அந்தச் சறுக்கல் தடுப்பு கட்டாயம். ஆனா டயருக்கு இல்லாத பிடிமானத்தை எந்த மென்பொருளும் உண்டாக்க முடியாது. இருக்கிற பிடிமானத்தைப் பங்கு போட்டுத் தரும், அவ்வளவுதான். சாதாரண டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைச்சுக்கும். பெங்களூர் அந்தக் கோட்டைத் தொட்டதே இல்லை, அதனால அங்க ஓட்டின பழக்கம் இங்க உதவாது. கியூபெக்ல 2008லிருந்து பனி டயர் சட்டமே இருக்கு. ஒண்டாரியோவுல இன்னும் அவங்கவங்க இஷ்டம்.

வீட்டுல புதுசா லைசென்ஸ் வாங்கின பிள்ளைங்க இருந்தா, இந்த சனிக்கிழமை பனி விழுந்த காலி பார்க்கிங் இடம் ஒண்ணைத் தேடி, அனுமதி கேட்டுக்கிட்டு கூட்டிட்டுப் போங்க. இருபது கிலோமீட்டர் வேகத்துல பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. வண்டி எங்க போய் நிக்குதுன்னு அவங்களே பார்க்கட்டும்.