குர்தாவுக்குள் ஒரு டவுசர்

43 வயதில் ரோடு சைக்கிள் வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு நாள் கடல் வரை ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. கியர் மாற்றுவதும் பஞ்சர் ஒட்டுவதும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதற்குத்தான் அதைவிட நாளானது.

முதல் முறை சீட்டில் பேடு தைத்த கறுப்பு ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நின்றேன். தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது. தெருமுனைப் பால் பூத்தில் நிற்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முழங்கால் வரை வரும் பருத்திக் குர்தா ஒன்றை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன். இருட்டு பிரிவதற்குள் ஊரைத் தாண்டிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது ஒரு வேகத்தடை. எழுந்து நின்று அதைக் கடந்து மறுபடி உட்காரப் போனபோது, குர்தாவின் முன்பக்கம் சீட்டின் மூக்கில் மாட்டிக்கொண்டது. காலை ஊன்ற முடியவில்லை. சைக்கிளோடு சேர்ந்து சரிந்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. டீக்கடையில் இருந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். காயத்தைக் கழுவிவிட்டு, கிழிந்த குர்தா விளிம்பைப் பிடித்துக் காட்டினார். "இந்தத் துணிதான் கண்ணு மாட்டிக்கிச்சு."

அவர் சொன்னது சரி. ஷார்ட்ஸ் என்னை விழவைக்கவில்லை. அதை மறைக்கப் போட்ட துணிதான் விழவைத்தது. அந்த வாரம் முழுக்க இதே யோசனை. சைக்கிளில் ஏறும் பெண் உடுத்தும் துணியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதலில் அம்மாவிடம் கேட்டேன். அவர் 1960களின் இறுதியில் வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகியவர். ஒரு மணி நேரத்துக்கு நாலணா. ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிள். சீட்டுக்குக் கால் எட்டாது. எட்டினாலும் பாவாடையோடு பாரைத் தாண்டிக் கால் போட முடியாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து உடம்பைக் கோணிக்கொண்டு மிதிக்கும் குரங்குப் பெடல்தான். "நான் போற வேகத்துக்கு உங்க மாமா ஈடு கொடுக்க முடியாது" என்று இன்றும் சொல்வார். வயதுக்கு வந்து தாவணி போட்ட மறுநாளிலிருந்து சைக்கிள் நின்றது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "தாவணியோட எப்படிடி ஓட்டுவ?" என்று பாட்டி கேட்ட ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. தாவணி சக்கரத்தில் சிக்கும் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத் தாவணியை மாற்றவில்லை, சைக்கிளைத்தான் நிறுத்தினார்கள்.

இதே கேள்வி வேறு ஊர்களிலும் எழுந்திருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருக்கும் இன்றைய வடிவ சைக்கிளை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் ஏறினார்கள். தரையைத் தொடும் பாவாடைகள் சங்கிலியில் சிக்கின.

அப்போது இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, துணிக்கேற்ப வண்டியை மாற்றுவது. மேல் பாரைக் கீழே இறக்கி வளைத்து, சங்கிலிக்கு மூடி போட்டு, பின்சக்கரத்துக்கு வலை கட்டி 'லேடீஸ் சைக்கிள்' செய்தார்கள். இன்னொன்று, வண்டிக்கேற்பத் துணியை மாற்றுவது. தொளதொளவென்று இருந்து காலோடு கட்டிக்கொள்ளும் கால்சட்டைகளைப் பெண்கள் அணியத் தொடங்கினார்கள். அதற்கு 'ப்ளூமர்ஸ்' என்று பெயர். 1851இலேயே தன் பத்திரிகை மூலம் அந்த உடையைப் பரப்பிய அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் அமேலியா ப்ளூமரின் பெயர் அது. அதை அப்போது துருக்கிக் கால்சட்டை என்றும் அழைத்தார்கள். நம் பெண்கள் போடும் சல்வாரின் உறவுக்காரிதான் அது.

பாஸ்டனிலிருந்து 1894இல் உலகைச் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி என்னைப் போலவே கற்றுக்குட்டி. மூன்று குழந்தைகளின் தாய். கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சைக்கிளே பழகினார். நீண்ட பாவாடையோடும் கனத்த லேடீஸ் சைக்கிளோடும் புறப்பட்டவர், சிகாகோ போய்ச் சேருவதற்குள் பாடம் கற்றார். அங்கே இலகுவான ஆண்கள் சைக்கிளுக்கும் ப்ளூமர்ஸுக்கும் மாறினார். பிறகு ஆண்களின் உடையையே அணிந்து ஓட்டினார். அவருக்கு உடையைத் தேர்ந்துகொடுத்தது சாலை.

ஆனால் சாலையில் ஓட்டிப்போன உடையோடு சாப்பிட உட்கார முடியவில்லை. 1898இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் ஒரு விடுதிக்குப் போனார். பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காக 1881இல் தொடங்கிய சங்கத்தின் முன்னோடி அவர். கால்சட்டையோடு வந்த அவரை உணவறைக்குள் விட விடுதிக்காரப் பெண்மணி மறுத்தார். ஆண்கள் குடிக்கும் அறையில் வேண்டுமானால் சாப்பாடு தருகிறேன் என்றார். சைக்கிள் பயணிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899இல் வழக்கு தோற்றது. ஏதோ ஓர் இடத்தில் சாப்பாடு தருவதாகச் சொன்னார்கள் அல்லவா, அது போதும் என்றாகிவிட்டது. பெண் உடையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதை உடுத்தியபின் எங்கே உட்காரலாம் என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். சீமாட்டிக்கே இதுதான் நிலை.

நம் நாட்டில் பெரும்பாலும் முதல் வழியே நடந்தது: துணி அப்படியே இருக்கும், வண்டி மாறும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் 'சேலை கார்டு' என்று ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறதே, அது வெறும் அலங்காரம் அல்ல. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்க அப்படியொரு பாதுகாப்பு வேண்டும் என்று 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பல உயிர்களைக் காத்திருக்கும் நல்ல விதி. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் பெண் பின்னால் ஒருக்களித்து உட்காருபவளாகவே இருக்கிறாள்.

புதுக்கோட்டைப் பெண்கள் இதற்கு வேறு பதில் சொன்னார்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுத் தரப்பட்டது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக இருந்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். அவர்களுக்கென்று தனி உடை எதுவும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் தாவணியை இறுக்கிக் கட்டிக்கொண்டும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விவரம் தருகிறார். சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம்.

என் அம்மாவைக் குரங்குப் பெடலுக்குத் துரத்திய அதே பார்! அதைத் தாண்டிக் காலைப் போட முடிவெடுத்தபின் அது குழந்தைக்கு இருக்கையாகிவிட்டது. தெருவில் கேலியும் ஆபாசப் பேச்சும் அவர்களுக்கும் இருந்தன. தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை வந்தபின் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனது.

2001இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு எல்லாப் பிரிவினருக்கும், மாணவர்களுக்கும் அது விரிந்தது. ஊர்த் தெருவில் தலித்துகள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற சாதிக் கட்டளை இருந்த நாடு இது. அங்கே சேரிப் பெண்பிள்ளைக்கு அரசே சைக்கிள் கொடுப்பது சின்ன விஷயமல்ல. செங்கல்பட்டுச் சாலைகளில் பள்ளி விடும் நேரத்தில் சல்வார் சீருடையோடு வரிசையாக வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, ஹார்பர்ட்டன் சீமாட்டியை உள்ளே விடாத அந்த உணவறை என் நினைவுக்கு வருகிறது.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. புதுக்கோட்டைப் பெண்ணும் பள்ளிப் பிள்ளையும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். நான் சும்மா கடல் பார்க்கப் போகிறேன். வேலைக்காக ஓட்டும் பெண்ணை ஊர் ஒருவழியாக ஏற்றுக்கொள்ளும். சந்தோஷத்துக்காக ஓட்டுபவளிடம்தான் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் குர்தாவைப் போட்டிருக்கிறேன்.

அந்த இறுக்கமான ஷார்ட்ஸும் முதலில் பெண்ணை மனதில் வைத்துப் பிறந்ததல்ல. ஆண் பந்தய வீரர்கள் கம்பளி ஷார்ட்ஸில் மெல்லிய தோலை உள்ளே தைத்துப் போட்டதிலிருந்து வந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896இலேயே சைக்கிள் பந்தயம் இருந்தது. பெண்களுக்கு 1984 வரை இல்லை. நான் போன கடையில்கூட ஆண்கள் ஜெர்சியின் சிறிய அளவைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். தோள் தொங்கியது, இடுப்பு பிடித்தது.

விழுந்து எழுந்து நான் கற்றதைச் சொல்கிறேன், தொடங்கப் போகும் தோழிகளுக்கு உதவும். பணம் குறைவாக இருந்தால் முதலில் ஷார்ட்ஸுக்குச் செலவிடுங்கள். பெண்களுக்கென்று தைத்ததை வாங்குங்கள். நம் இடுப்பெலும்பின் அகலத்துக்கேற்ப அதன் பேடு பின்பக்கம் அகலமாக இருக்கும். அதற்குள் ஜட்டி போடக்கூடாது. அதன் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைத்தபின்தான் மறுபடி போட வேண்டும். தோளில் மாட்டும் பட்டை வைத்தது நழுவாது, வசதிதான். ஆனால் சிறுநீர் கழிக்க மேல்சட்டையையே கழற்ற வேண்டியிருக்கும். நம் சாலைகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடைப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். ஆகவே இடுப்பு எலாஸ்டிக் போதும். கடையில் நின்றபடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைக்கிளில் குனிவதுபோல் குனிந்து பாருங்கள்.

மேலே பருத்தி வேண்டாம். நம் கடற்கரை வியர்வையில் அது நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். அடர்நிறம் வேண்டாம், விடியலில் லாரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும். ஜடையைத் தாழ்த்திப் பின்னினால்தான் ஹெல்மெட் சரியாக உட்காரும். தாலியோ செயினோ போட்டிருந்தால் ஜிப்புக்குள் தள்ளிவிடுங்கள், குனியும்போது ஊசலாடும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். இறுக்கமான ஷார்ட்ஸ் மட்டும் போட்டுக்கொள்ள மனம் வரவில்லையா? அதன்மேல் காலோடு ஒட்டிய கால்சட்டை ஒன்று போடுங்கள். உடம்பை மூடுவது உங்கள் விருப்பம். ஆனால் தொங்குகிற துணி வேண்டாம். மூடுவதற்கும் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாவது முறை குர்தா இல்லாமல் கிளம்பினேன். பால் பூத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் நான் தாண்டிவிட்டேன். பூஞ்சேரி வந்ததும் கடல் காற்று முகத்தில் அடித்தது. மாமல்லபுரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கலங்கரை விளக்கக் குன்றில் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனேன். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பம். சிங்கத்தின் மேல் துர்க்கை இருபுறமும் கால் போட்டு அமர்ந்து வில்லை வளைக்கிறாள். மார்பில் கச்சு இறுக்கிக் கட்டியிருக்கிறது. தொங்கிச் சிக்க எதுவுமில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஊரே அவளைக் கும்பிடுகிறது. கல்லில் இருப்பவளுக்கு அனுமதி உண்டு. தெருவில் போகும் பெண்ணைத்தான் ஒருக்களித்து உட்காரச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துவைத்துப் போட்டிருந்த இன்னொரு ஷார்ட்ஸைக் கொடியிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த பேடை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த டவுசர் எங்கடி கிடைக்குது?" என்றார். எதற்கென்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் தெருவில் ஆள் குறைந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளி சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். நாலு வீடு தாண்டியதும் கையை எடுக்கச் சொன்னார்.