அடைக்கலப் பொருள்

காசிக்குப் போகிறவர்கள் நகைப் பெட்டியை அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவது நம் ஊர்களில் ஒரு காலத்தில் வழக்கம். போனவர் திரும்பி வந்தால் கதை இல்லை, வராவிட்டால்தான் கதை. பெட்டி யாருடையது? பூட்டி வைத்துக் காத்தவருடையதா, எங்கோ இருக்கும் பேரன் பேத்திகளுடையதா? ஒரு ருஷ்யச் சித்திரத்தின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு இந்தப் பெட்டியின் ஞாபகம்தான் வந்தது.

நவீன சித்திரங்களைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் ஏதும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தப் படத்தையும் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பரப்பு. அதன் நடுவே சாய்ந்தாற்போல் ஒரு நீலச் செவ்வகம். அதற்கடியில் குறுக்கே ஓடும் சிவப்புச் சட்டம். சுற்றிலும் சிறிதும் பெரிதுமாகப் பல வண்ணப் பட்டைகள். மனிதன் இல்லை, மரம் இல்லை. உயரம் மூன்றடிகூட இல்லை. 'இதை என் பேரனும் போடுவானே!' என்று சொல்ல வாய் எடுத்தவன், சற்று நேரம் பார்த்த பிறகு சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பட்டைகள் கீழே விழாமல் அந்தரத்தில் மிதக்கின்றன. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரைந்தவர் காஸிமிர் மாலேவிச். கீவ் நகருக்கருகே போலிஷ் குடும்பமொன்றில் 1879-ல் பிறந்தவர். வெள்ளைத் துணியில் ஒரு கறுப்புச் சதுரத்தை மட்டும் தீட்டி 1915-ல் பெட்ரோகிராடில் காட்சிக்கு வைத்து எல்லோரையும் திகைக்க வைத்தவரும் இவரே. நம் நீலச் செவ்வகம் அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்தது.

1927-ல் மாலேவிச்சுக்கு வெளிநாடு போக அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய எழுபது படைப்புகளுடன் முதலில் வார்ஸாவுக்கும் பிறகு பெர்லினுக்கும் போனார். பெர்லினில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் அவருக்குத் தனி இடமே ஒதுக்கினார்கள். கண்காட்சி செப்டம்பர் வரை நடக்க வேண்டும். ஆனால் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே அவர் லெனின்கிராடுக்குத் திரும்ப நேர்ந்தது, மேலிடத்து அழைப்பு. அவர் என்ன நினைத்தாரோ, தமது கையெழுத்துப் பிரதிகளைத் தாம் தங்கியிருந்த வீட்டாரிடம் விட்டபோது, தாம் இறந்துவிட்டாலோ சிறைப்பட்டுவிட்டாலோ அவற்றை என்ன செய்வது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். சித்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹூகோ ஹேரிங் என்ற கட்டடக் கலைஞரிடம் சேர்ந்தது. அடுத்த ஆண்டே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணம்.

மறுபடி அனுமதி கிடைக்கவே இல்லை. 1930-ல் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். 1935 மே 15-ந் தேதி லெனின்கிராடில் காலமானார்.

பெட்டி என்ன ஆயிற்று? ஜெர்மனியில் ஹிட்லர் வந்துவிட்டான். இந்த மாதிரிச் சித்திரங்கள் சீர்கெட்ட கலை என்று பழி சுமந்த காலம். அப்போது அவை ஹானோவர் மியூசியத்தில் இருந்தன. அதன் தலைவர் அலெக்ஸாண்டர் டோர்னர் அவற்றை நிலவறையில் ஒளித்து வைத்தார். 1935-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் ஆல்பிரட் பார் அங்கே வந்து, சிலவற்றை வாங்கி, குடைக்குள் சுருட்டி எல்லை கடத்தினார் என்பது கலை உலகில் பிரசித்தமான கதை. மிச்சத்தை டோர்னர், தாமும் நாட்டை விட்டுப் போகுமுன், ஹேரிங்கிடமே திருப்பி அனுப்பினார். ஹேரிங் 1943-ல் அவற்றுடன் தம் சொந்த ஊரான பீபராக்குக்குப் போய்ச் சேர்ந்தார். குண்டுகளுக்குத் தப்பி அவை பிழைத்தது அவரால்தான். இதை மறப்பது நன்றி கெட்ட செயல்.

யுத்தம் முடிந்ததும் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத் தலைவர் வில்லெம் ஸாண்ட்பெர்க் விடாமல் ஹேரிங்கை அணுகினார். 1956-ல் படங்கள் இரவலாகப் போயின. 1958-ல் மியூசியம் அவற்றை விலைக்கே வாங்கியது. அதே ஆண்டில் ஹேரிங்கும் இறந்தார். காவலாக வைத்திருந்தவர் விற்கலாமா என்று கேட்க அப்போது யாரும் இல்லை. மாலேவிச்சின் உறவினர் இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

திரை விழுந்ததும் கேள்வி எழுந்தது. 1999-ல் நியூயார்க் மியூசியம் வாரிசுகளுக்கு ஒரு படத்தைத் திருப்பிக் கொடுத்து, பணமும் தந்து சமாதானம் செய்துகொண்டது. ஆம்ஸ்டர்டாம் அசையவில்லை. பிறகு அதுவே ஒரு காரியம் செய்தது: 2003-ல் பதினான்கு படைப்புகளை நியூயார்க்குக்கும் ஹூஸ்டனுக்கும் காட்சிக்கு அனுப்பியது. அவற்றை யாரும் ஜப்தி செய்ய முடியாது என்று அமெரிக்க அரசாங்கத்தின் உறுதியும் இருந்தது. வாரிசுகள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள். கண்காட்சி முடியுமுன் 2004 ஜனவரியில் வாஷிங்டன் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களுடைய வக்கீல்களின் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். ஜப்தி கூடாது என்றால் வழக்கே கூடாது என்று அர்த்தமில்லை என்பது வாதம். நீதிபதியும் அதை ஏற்றார். படங்கள் ஊர் திரும்பின, வழக்கு மட்டும் அமெரிக்காவில் தங்கிவிட்டது. தள்ளுபடி செய்யும்படி ஆம்ஸ்டர்டாம் கேட்டதைக் கோர்ட் 2007-ல் மறுத்தது.

கடைசித் தீர்ப்பு வரவில்லை, 2008-ல் ராஜியாயிற்று. ஐந்து சித்திரங்கள் வாரிசுகளுக்கு, மற்றவை மியூசியத்துக்கு. ஹேரிங் விற்றது செல்லுமா செல்லாதா என்பதை எந்த நீதிபதியும் சொல்லாமலே போயிற்று. எனக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதை எழுதுகிறவனுக்கு ராஜிகள் பிடிப்பதில்லை.

திரும்பிய ஐந்தில் நம் நீலச் செவ்வகமும் ஒன்று. வாரிசுகள் அதை வீட்டில் மாட்டவில்லை. முப்பது பேருக்கு ஒரு படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? அதே 2008 நவம்பரில், வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நாட்களில், நியூயார்க் ஏலத்தில் 6 கோடி டாலருக்கு விற்றார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 8 கோடியே 58 லட்சம் டாலர். அந்த ஏலம் நடந்த நாள் 2018 மே 15. வரைந்தவர் இறந்து அன்றோடு எண்பத்து மூன்று ஆண்டுகள். ஏலம் வைத்தவர்கள் அதை உத்தேசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.