ஒற்றைக்கண் ஆயனும் கடலணங்கும்

ஆயர் கவிதையில் வரும் தேவர்களும் அணங்குகளும் வெறும் அலங்காரமே என்றும், அவர்களை நீக்கிவிட்டாலும் புல்வெளியும் குழலோசையும் விரகதாபமும் குறைவின்றி நிற்கும் என்றும் கூறுவோர் உளர். கிரேக்க ஆயர் கவிதையின் மூலபுருஷரான தியோக்கிரிட்டஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இயற்றிய பாடல்களுள் 11ஆவதாக வைக்கப்பெற்ற பாலிஃபீமஸ் பாட்டை ஊன்றிப் படிப்பவர்க்கு இக்கொள்கை நில்லாது என்பது என் துணிபு.

ஹோமரின் ஒடிசியில் பாலிஃபீமஸ் நரமாமிசம் தின்னும் ஒற்றைக்கண் அரக்கன்; ஒடிஸ்ஸியஸ் தீயிற் காய்ச்சிய ஒலிவமரத் தடியால் அவனைக் குருடாக்குகிறான். ஆயினும் குட்டிகளை வயதுவாரியாகப் பிரித்து அடைப்பதும், பாலைத் திரித்துக் கூடைகளில் கட்டியாக்கி வைப்பதுமாகிய தொழிலொழுங்கையும் ஹோமரே அவனுக்கு அளித்திருக்கிறார். பலர் இதனைக் கவனிப்பதில்லை. அந்த வித்தைக் கண்டெடுத்த தியோக்கிரிட்டஸ், தாம் பிறந்த சிசிலித் தீவுக்கே உரியவனாதலின் அவனைத் தம் நாட்டான் என்று உரிமை பாராட்டி, மீசை அரும்பும் பருவத்துக்குப் பின்னோக்கி அழைத்துச் சென்று, கடற்பாறைமேல் இருத்தி, கலாட்டியா என்னும் கடலணங்கை நோக்கிப் பாடவைக்கிறார். பதினொரு மான்கன்றுகளும் நான்கு கரடிக்குட்டிகளும் தருவேன் என்கிறான் அப்பேதை. பின்னர், தன் ஒற்றைக் கண்ணையே அவள் சுட்டாலும் பொறுப்பேன் என்றும், அந்நியன் எவனேனும் கப்பலில் வந்தால் நீந்தக் கற்பேன் என்றும் அவன் சொல்லுமிடத்து, வரப்போகும் அந்நியனையும் எரியப்போகும் கண்ணையும் முன்பே அறிந்த வாசகனுக்குப் பரிகாசமும் பரிதாபமும் ஒருங்கே எழுகின்றன. புராணத்தை நீக்கிவிட்டால், இவை காதலனின் வழக்கமான மிகையுரைகளாகவே எஞ்சும்.

கவி சொல்லுக்குள் ஒளித்த எதிர்காலத்தை ஓவியன் வெளிப்படையாக்க வேண்டியிருந்தது. பொம்பெயி நகரை அடுத்த பொஸ்கோத்ரெகாசே மாளிகையில் அகஸ்டஸ் காலத்தில் தீட்டப்பெற்று, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள சுவரோவியத்தில், ஆடுகளோடு பாறையில் அமர்ந்த பாலிஃபீமஸ் ஒருபுறமும், ஒடிஸ்ஸியஸின் கப்பல்மீது பாறையை வீசும் அதே பாலிஃபீமஸ் மறுபுறமும், ஒரே கடல்வெளியில் காணப்படுகின்றனர். காதலையும் கோபத்தையும் ஒரே நிலத்தில் நிறுத்திய அவ்வோவியன் தியோக்கிரிட்டஸை நன்கு படித்தவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விர்ஜில் தம் இரண்டாம் ஆயர் பாட்டில் அரக்கனின் முறையீட்டைக் கொரிடன் என்னும் மானிட ஆயனுக்கு மாற்றியளித்தார். பாட்டு மென்மையுற்றது, அடியிலிருந்த அச்சம் அகன்றது. ஓவிடோ அச்சத்தை மீட்டார்: அவர் கதையில் வீசப்படும் பாறை கலாட்டியாவின் காதலன் ஏசிஸை நசுக்குகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியின் ஃபார்னெசினா மாளிகைச் சுவரில் ரஃபேல் கலாட்டியாவையும், அடுத்த கட்டத்தில் செபாஸ்தியானோ தெல் பியோம்போ பாலிஃபீமஸையும் தனித்தனியே தீட்டினர். ரஃபேலின் கலாட்டியாவை மட்டும் பிரித்தெடுத்து அச்சிடும் வழக்கத்தால், அவளுடைய பார்வை அயலிலிருக்கும் ஆயனிடம் செல்லாமல் மேல்நோக்குவதன் பொருளை நம்மிற் பெரும்பாலோர் இழந்துவிட்டோம்.