நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வு மாற்றும் ‘டாவி’ சிகிச்சை: ரத்தக்கட்டி பயம் எதற்கு?

‘மாடி ஏறினா மூச்சு வாங்குது, ரெண்டு தடவை மயக்கமும் வந்துடுச்சு.’ 70 வயது தாண்டிய ஒருவர் இப்படிச் சொன்னால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். காரணம் இதயத்தின் அயோர்டிக் வால்வில் சுண்ணாம்புச்சத்து படிந்து சுருங்கியதாகவும் இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டு, எக்கோவில் உறுதியாகும்.

இதற்கான ‘டாவி’ சிகிச்சையை 2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் டாக்டர் அலைன் கிரிபியே முதன்முதலில் செய்தார். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, மடக்கிய புது வால்வைப் பழைய வால்வுக்குள்ளேயே விரிப்பார்கள். குஜராத்தின் மெரில் நிறுவனம் தயாரிக்கும் ‘மைவால்’ உள்ளிட்ட வால்வுகள் இந்தியாவில் கிடைக்கின்றன.

சிக்கல் எங்கே? புது வால்வு விரியும்போது பழைய வால்வு நசுங்குகிறது. அதிலிருந்து உதிரும் சுண்ணாம்புத் துணுக்கு, திசு, ரத்தக்கட்டி ஆகியவை மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரிய ஆய்வுகளில் இது 100-ல் 2 அல்லது 3 பேருக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே.

துணுக்கைப் பிடிக்க வலைபோன்ற வடிகட்டி இருக்கிறது. ஆனால் 2022-ல் வெளியான, 3,000 பேரிடம் நடந்த ஆய்வில் வடிகட்டி வைத்தவர்களில் 2.3 சதவீதம், வைக்காதவர்களில் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. 2025-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு 7,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. அதிலும் பலன் தெரியவில்லை. ‘வடிகட்டி வச்சாச்சு, பயமில்ல’ என்று நம்பிவிட முடியாது.

இன்னொரு வகை, வீடு திரும்பிய பிறகு வருவது. புது வால்வின் இதழ்களில் மெல்லிய ரத்தக்கட்டி படியலாம். பலருக்கு அறிகுறியே இருக்காது. விட்டுப்போன மூச்சிரைப்பு திரும்ப வந்தால் எக்கோ, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கி.மீ. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சு குழறல் தெரிந்தால் ‘காலையில பாத்துக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அறிகுறி தொடங்கிய நேரம், டாவி செய்த தேதி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். ஊசி போடலாமா, குழாய் வழியாகக் கட்டியை எடுக்கலாமா என்பதை டாக்டர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

டாவி முடிந்த பலருக்கு ஆஸ்பிரின் மட்டும் போதும். இரண்டு மாத்திரை சேர்த்தால் ரத்தக்கசிவு கூடுகிறது என்று 2020 ஆய்வு காட்டியது. ஏற்கெனவே இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு மாத்திரை. பல் பிடுங்கப் போகிறோம் என்று இவற்றை நாமாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.