பொருள்–உறவு இணைப்பு: நிரலின் பண்புகளும் தரவுத்தள அட்டவணைகளும்

பொருள்–உறவு இணைப்பு என்பது, நிரலுக்குள் பொருள்களாகவும் பண்புகளாகவும் இயங்கும் தகவலை, ஒன்றோடொன்று தொடர்புள்ள தரவுத்தள அட்டவணைகளில் எழுதி வைப்பதற்கும் அங்கிருந்து மீண்டும் பொருள்களாக எடுப்பதற்கும் உரிய முறை. நிரலர்கள் இதைச் சுருக்கமாக ஓஆர்எம் என்பார்கள். எந்தப் பண்பு எந்த நெடுவரிசைக்குப் போகும், ஒரு பொருள் இன்னொன்றைச் சுட்டினால் அது எந்தத் திறவுகோலாக மாறும், ஒரு பொருளை நீக்கினால் அதைச் சார்ந்தவை என்ன ஆகும் ஆகியவற்றை இம்முறை வரையறுக்கிறது.

இக்கட்டுரை திருவாரூர் மாவட்டம் மன்னார்குடிப் பகுதியின் நில ஆவணங்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நில உடைமையைக் காட்டும் பட்டா, பயிரைப் பதியும் அடங்கல், கிராம நிலங்களின் பட்டியலான அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் ஆகியவை கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே சர்வே எண்ணால் பிணைக்கப்பட்டிருந்தவை. இங்கே விளக்கப்படும் வடிவமைப்பு பாடத்துக்கானது. எந்த அரசு மென்பொருளின் உள்ளமைப்பும் அல்ல.

தோற்றமும் வளர்ச்சியும்

இரண்டு தனித்தனி மரபுகள் சந்தித்த இடத்தில் இந்தத் துறை பிறந்தது. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழி, தரவையும் அதன் செயலையும் ஒரே பொருளில் அடக்கியது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தரவை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாக, பார்க்கும் மாதிரியை வெளியிட்டார். அதன் மேல் எஸ்கியூஎல் மொழி வளர்ந்தது. 1976இல் பீட்டர் சென் வெளியிட்ட உருபொருள்–உறவு மாதிரி, அட்டவணைகளை வரைவதற்கு முன் உலகத்தை வரைந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

நிரலில் ஒரு பொருள் இன்னொன்றை நேரடியாகச் சுட்டும். அட்டவணையிலோ ஒரு பதிவு இன்னொன்றின் திறவுகோலை எழுதி வைத்திருக்கும். பொதுவான பண்புகளைக் கிளைகள் பெறும் மரபுரிமம் பொருளுக்கு உண்டு, அட்டவணைக்கு இல்லை. இந்தப் பொருந்தாமையைக் கடக்க 1990களில் டாப்லிங்க் போன்ற கருவிகள் வந்தன. 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட் ஜாவா உலகில் பரவியது. 2006இல் ஜாவாவில் இத்தகைய இணைப்புக்கான பொதுத் தரநிலை வெளிவந்தது. ரூபி மொழியில் ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்ட், பைத்தானில் ஜாங்கோவின் ஓஆர்எம், எஸ்கியூஎல்ஆல்கெமி, மைக்ரோசாஃப்டின் என்டிட்டி பிரேம்வொர்க் ஆகியவையும் அதே பத்தாண்டில் வந்தவை. மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நிறுவன மென்பொருள் வடிவமைப்பு நூல் இத்துறையின் உத்திகளுக்குப் பெயர் சூட்டியது. அந்தப் பெயர்களே இன்றும் வழக்கில் உள்ளன.

நம் எடுத்துக்காட்டான நில ஆவணங்களின் பக்கம், இந்திய அரசு 1988–89இல் நில ஆவணக் கணினிமயத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது; 2008இல் அது தேசிய நில ஆவண நவீனமயத் திட்டமாக விரிந்தது. தமிழ்நாட்டில் இப்போது பட்டா விவரத்தை இணையத்திலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அடையாளம்: முதன்மைத் திறவுகோல்

எளிய இணைப்பில், ஒரே வகைப் பொருள்களை வரையறுக்கும் வகுப்பு ஓர் அட்டவணையாகவும், ஒரு பண்பு ஒரு நெடுவரிசையாகவும், ஒரு பொருள் ஒரு பதிவாகவும் ஆகும். முதலில் தீர்க்க வேண்டியது, ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பது.

பட்டா எண் 214 என்றால் போதாது. பட்டா எண்ணும் சர்வே எண்ணும் அந்தந்த வருவாய் கிராமத்துக்குள் மட்டுமே தனித்தவை. பக்கத்துக் கிராமத்திலும் ஒரு 214 இருக்கும். எனவே கிராமம், பட்டா எண் இரண்டும் சேர்ந்ததே இயல்பான திறவுகோல். பெரும்பாலான ஓஆர்எம் கருவிகள் பொருளற்ற ஒரு தொடர் எண்ணைத் திறவுகோலாக வைக்கும். அதில் தவறில்லை. ஆனால் கிராமமும் பட்டா எண்ணும் சேர்ந்து இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மாவட்டத்தின் பெயரைப் பட்டா அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைப்பது ஏன் தவறு என்பதை மன்னார்குடியின் வரலாறே காட்டுகிறது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1991இல் புதிய நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 1997 ஜனவரி 1இல் திருவாரூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. பட்டா கிராமத்தையும், கிராமம் வட்டத்தையும், வட்டம் மாவட்டத்தையும் சுட்டினால், இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஒரே ஒரு பதிவைத் திருத்தினால் போதும். மாவட்டப் பெயர் ஒவ்வொரு பட்டாவிலும் எழுதப்பட்டிருந்தால் அத்தனை பட்டாவையும் திருத்த வேண்டும். விடுபட்டவை பிழையாக நிற்கும்.

ஒன்றுக்குப் பல

ஒரு பட்டாவில் சர்வே எண்களின் பல உட்பிரிவுகள் அடங்கும். நிரலில் பட்டாப் பொருளுக்குள் உட்பிரிவுகளின் பட்டியல் இருக்கும். அட்டவணையில் திசை தலைகீழ்: ஒவ்வொரு உட்பிரிவுப் பதிவும் தன் பட்டாவின் திறவுகோலை அயல் திறவுகோலாகத் தாங்கும். இரு பக்கமும் சுட்டல் இருக்கும்போது எந்தப் பக்கத்தை நம்பி எழுதுவது என்று கருவிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், பட்டியலில் சேர்த்த உட்பிரிவு தரவுத்தளத்துக்குப் போகாமலே நின்றுவிடலாம்.

அடங்கல் இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டில் எந்த நிலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் இருந்தது என்பதை அது சொல்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல் போகங்களுக்கு மூன்று நெடுவரிசைகளை உட்பிரிவு அட்டவணையில் வைத்துவிடலாம் என்று தோன்றும். அறுவடைக்கு முன் வயலில் உளுந்து தெளிப்பவர்களும், கோடையில் பருத்தி போடுபவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. ஒரே வயலில் பாதி சம்பா, பாதி தரிசு என்றும் இருக்கும். மூன்று நெடுவரிசைகளில் இது அடங்காது. உட்பிரிவு, பசலி, போகம், பயிர், பரப்பு ஆகியவற்றைக் கொண்ட தனி அட்டவணையாகப் பயிர்ப் பதிவு இருந்தால் எத்தனை பயிர் வந்தாலும் பதிவுகள் கூடுமே தவிர, அமைப்பு மாறாது. எண்ணிக்கை மாறக்கூடிய எதையும் நெடுவரிசையாக்காமல் பதிவாக்குவது இணைப்பின் முதல் ஒழுங்கு.

பலவற்றுக்குப் பல

கூட்டுப் பட்டாவில் பல பெயர்கள் இருக்கும். ஒருவர் பெயர் பல பட்டாக்களிலும் இருக்கும். நிரலில் இரண்டு பட்டியல்கள் போதும். தரவுத்தளத்துக்கு மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும். பட்டாவின் திறவுகோல், ஆளின் திறவுகோல் இரண்டையும் கொண்ட அந்த அட்டவணையைப் பல கருவிகள் நிரலர் கண்ணில் படாமலே உருவாக்கிவிடும்.

அந்த வசதியை இங்கே மறுக்க வேண்டும். பட்டாவில் ஒருவர் பெயர் எத்தனையாவதாக வருகிறது, எந்த உத்தரவின்படி, எந்த நாளில் சேர்க்கப்பட்டார், கிரயத்தால் வந்தாரா, பாகப்பிரிவினையால் வந்தாரா, வாரிசாக வந்தாரா ஆகியவை ஆளின் பண்புகளும் அல்ல, பட்டாவின் பண்புகளும் அல்ல. அவை உறவின் பண்புகள். ஆகவே ‘பட்டா உடைமை’ என்று ஒரு முழு வகுப்பை எழுதி, அதை இணைப்பு அட்டவணையோடு பொருத்துவதே சரி. உறவுக்குச் சொந்தமான பண்பு ஒன்று கிடைத்த உடனே, உறவு தனக்கென ஒரு பொருளைக் கேட்கிறது.

அதே இரண்டு வகுப்புகளுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகளும் இருக்கலாம். இப்பகுதி அடங்கிய காவிரி டெல்டாவில் கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் ஏராளம். பட்டா கோயில் பெயரில் இருக்க, உழுபவர் குத்தகைதாரராக இருப்பார். குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நிலத்தை ஆளோடு இணைக்க ஒரே நெடுவரிசை வைக்கும் வடிவமைப்பு, இந்த இரண்டு உரிமைகளில் ஒன்றை அழித்துவிடும். உடைமை பட்டா வழியாகவும், சாகுபடி, உழுபவரையும் சுட்டும் பயிர்ப் பதிவு வழியாகவும் செல்ல வேண்டும்.

மதிப்புப் பொருள்கள்

எல்லாப் பொருளுக்கும் தனி அட்டவணை தேவையில்லை. பரப்பளவுக்குத் தனி அடையாளம் கிடையாது. இரண்டு பரப்புகள் சமமென்றால் அவை ஒன்றே. இத்தகைய மதிப்புப் பொருள்களை அவை சேர்ந்த பொருளின் அட்டவணையிலேயே பொதிந்து வைப்பார்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஊரில் பேச்சு மாக் கணக்கில் நடக்கும். ஒரு மா ஏறத்தாழ 33 செண்ட், 20 மா ஒரு வேலி. பரப்பை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் கூட்டும்போது சிறு பிழைகள் சேரும். சதுர மீட்டரை முழு எண்ணாகச் சேமித்து, ஹெக்டேராகவோ மாவாகவோ காட்டும் வேலையைப் பரப்பு வகுப்பிடம் விடுவது பாதுகாப்பானது.

மரபுரிமம்

நிலம் தனிநபருக்கோ கோயிலுக்கோ அரசுத் துறைக்கோ உரியதாக இருக்கலாம். நிரலில் ‘உடைமையாளர்’ பொது வகுப்பு. மற்றவை அதன் கிளைகள். இதை அட்டவணைகளாக்க மூன்று வழிகள் உண்டு.

- எல்லா வகைக்கும் ஒரே அட்டவணை, வகையைக் காட்ட ஒரு நெடுவரிசை. தேடல் வேகமாக இருக்கும். தந்தை அல்லது கணவர் பெயர் போன்றவை கோயிலுக்குக் காலியாக நிற்கும்.
- பொதுப் பண்புகளுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று. கட்டுப்பாடுகளைச் சரியாக எழுதலாம். ஒவ்வொரு முறையும் அட்டவணைகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.
- ஒவ்வொரு கிளைக்கும் முழுமையான தனி அட்டவணை. ‘உடைமையாளர் யார்’ என்று பொதுவாகச் சுட்டும் அயல் திறவுகோலை எழுத முடியாது.

பட்டா உடைமை எல்லா வகை உடைமையாளரையும் சுட்ட வேண்டியிருப்பதால், இங்கு முதல் இரண்டில் ஒன்றே பொருந்தும்.

இயங்கும்போது

ஒருவர் மூன்று பட்டாக்களில் இருந்தாலும் நினைவகத்தில் அவர் ஒரே பொருளாக இருக்க வேண்டும். இதற்காகக் கருவி அடையாளப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். மாறிய பொருள்களைக் குறித்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதுவது இன்னொரு வேலை. உட்பிரிவு செய்து பட்டா மாற்றும்போது 112/3 என்ற உட்பிரிவு முடிந்து 112/3அ, 112/3ஆ என இரண்டாகும். பழையது முடிந்ததாகக் குறிக்கப்படுவதும், புதியவை பிறப்பதும், புதிய பட்டா உருவாவதும் ஒன்றாக நடக்க வேண்டும். இல்லையெனில் எதுவும் நடக்கக் கூடாது.

ஒரே பட்டாவை இரு அலுவலர்கள் ஒரே நேரத்தில் திறந்தால், பின்னவர் சேமிப்பது முன்னவர் திருத்தத்தை அழிக்கக்கூடும். பதிவில் ஒரு பதிப்பு எண் வைத்து, அது மாறியிருந்தால் சேமிப்பைத் தடுப்பார்கள்.

வேகத்தைக் கெடுப்பதில் முதலிடம் சோம்பல் ஏற்றத்துக்கு. உறவுள்ள பொருள்களைக் கேட்கும்போது மட்டும் எடுப்பது அதன் முறை. ஒரு கிராமத்தில் 800 பட்டாக்கள் என்று கொள்வோம். பட்டாக்களை எடுக்க ஒரு வினவல். பிறகு ஒவ்வொன்றின் பெயர்களையும் எடுக்க 800. ஆக 801. முன்கூட்டியே பெயர்களையும் சேர்த்து எடுக்கச் சொன்னால் ஒன்றோ இரண்டோ போதும். நிரலில் வித்தியாசம் ஒரு வரிதான்.

வரம்புகள்

பெரிய அறிக்கைகளுக்கும் வட்டம் முழுவதற்குமான கூட்டுத்தொகைகளுக்கும் நேரடி எஸ்கியூஎல்லே ஏற்றது. ‘பொருளை நீக்கினால் சார்ந்தவற்றையும் நீக்கு’ என்ற அமைப்பை நில ஆவணத்தில் பயன்படுத்தக் கூடாது. 112/3 முடிந்தாலும் அதன் பழைய அடங்கல் பதிவுகள் இருந்தாக வேண்டும். புதிய உட்பிரிவுகள் தம் தாய் உட்பிரிவைச் சுட்டும் ஒரு திறவுகோல் இருந்தால், தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தின் வரலாற்றைத் தொடரலாம்.

கூட்டுறவுப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்பனை ஆகிய எதற்கும் விவசாயி அடங்கலையும், நில உடைமை விவரம் கொண்ட சிட்டாவையும் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் இந்தத் துறையில் ஒரு தவறான இணைப்பு, திரையில் தெரியும் பிழையோடு நின்றுவிடுவதில்லை. உழுதவரின் பெயர் பட்டியலில் வராமல் போகிறது. கருவி வகுப்பிலிருந்து அட்டவணையைத் தானே உருவாக்கித் தரும். யாருக்கு எதன் மேல் என்ன உரிமை, எதிலிருந்து எது பிறந்தது என்பதை அது அறியாது. அதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் சாகுபடி செய்பவரிடமும் கேட்டறிந்து வகுப்புகளை எழுதுவதே நல்ல இணைப்பின் தொடக்கம்.