முதல் ஆயிரமும் மூன்றில் ஒரு பங்கும்

அரசு அலுவலகத்தில் ஒருவர் கடனில் மாட்டிக்கொண்டால், வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்பே சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்குத் தெரிந்துவிடும். திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த நாற்காலியில்தான் போயிற்று. கோர்ட் முத்திரையோடு வரும் உறையைப் பிரிப்பது, ‘அட்டாச்மென்ட் ரிஜிஸ்டர்’ என்ற தடித்த நோட்டில் ஏற்றுவது, வரும் மாதம் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவது எல்லாம் என் வேலை. அந்தக் கணக்குக்கு அடிப்படை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் ஜெயித்து டிகிரி வாங்கிவிட்டாலும், சம்பளத்தில் எந்தப் பங்கில் அவர் கைவைக்க முடியாது என்று சொல்கிற பிரிவு அது.

1908இல் இன்றைய சட்டம் பிறந்தபோது கணக்கு வேறு. அரசு ஊழியர், ரயில்வே ஊழியர், உள்ளாட்சி ஊழியர் ஆகியோருக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய்க்குள் இருந்தால் அதை யாரும் ஜப்தி செய்ய முடியாது. 20க்கு மேல் 40 வரை வாங்கினால், 20 ரூபாயை விட்டுவிட்டு மீதியைப் பிடிக்கலாம். 40ஐத் தாண்டினால் சரிபாதி போகும். 1923இல் இந்த 20உம் 40உம் இரட்டிப்பாகி 40, 80 என்று ஆயின. கூலியாட்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே முழு விலக்கு இருந்தது. அவர்கள் கூலியில் ஒரு காசுகூடக் கோர்ட் வழியாகப் பிடிக்க முடியாது.

ஆகவே வட்டிக்குக் கொடுப்பவருக்குக் குமாஸ்தா மேல் தனிப் பிரியம் வந்ததில் ஆச்சரியமில்லை. நிலம் வேண்டாம், நகை வேண்டாம், சம்பளமே ஈடு. ஒன்றாம் தேதி பணம் வரும், எந்த அலுவலகத்திலிருந்து வரும் என்பது தெரியும், முதலாளியான சர்க்கார் ஊரைவிட்டு ஓடாது. என் காலத்திலும் புரோநோட்டில் கையெழுத்து வாங்குகிறவர் முதலில் கேட்ட கேள்வி, “ரிட்டயர்மென்ட் எப்ப?” என்பதுதான். அரசு ஓய்வூதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் அதே 60ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. வேலையில் இருக்கும்வரைதான் ஆள் பிடியில் இருப்பார்.

தொழிற்சாலை ஆள் கோர்ட்டுக்கு வெளியே மாட்டினார். 1929இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த தொழிலாளர் ராயல் கமிஷனுக்கு ஜே. எச். விட்லி தலைவர். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அதன் உறுப்பினர்களில் ஒருவர். 1931இல் வந்த அறிக்கை, பெரும்பாலான தொழில் ஊர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலோர் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது சாதாரண வட்டி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதம். இரண்டணா வாங்கியவர்களும் உண்டு. சம்பள நாளில் ஆலை வாசலில் தடியோடு காத்து நின்று வசூலிப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்றும், மாதம் 300 ரூபாய்க்குக் குறைவாக வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தை ஜப்தியிலிருந்து முழுக்க விலக்க வேண்டும் என்றும் கமிஷன் பரிந்துரைத்தது.

300 கேட்டதற்குக் கிடைத்தது 100. 1937 திருத்தப்படி முதல் 100 ரூபாயும் மீதியில் பாதியும் ஊழியருக்கு. அதே திருத்தத்தில் வந்த இன்னொரு விதிதான் என் ரிஜிஸ்டரின் போக்கையே தீர்மானித்தது. சம்பளத்தில் பிடிக்கக்கூடிய பங்கு தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதம் ஜப்தியில் இருந்தால், அடுத்த 12 மாதம் அதை யாரும் தொடக்கூடாது. அந்த 24 மாதமும் ஒரே டிகிரிக்காகப் போயிருந்தால், அந்த டிகிரிக்கு அதற்குப் பிறகு சம்பளத்தில் இடமே இல்லை. பாக்கி நின்றால் வேறு சொத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு 100 இருநூறாயிற்று. 1976 திருத்தம், அடுத்த பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது, முதல் 400 ரூபாயோடு மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஊழியருக்கு விட்டது. தொழிலாளி என்றால் கைத்திறன் உள்ளவரும் அடக்கம் என்று அது விளக்கம் கொடுத்தது. தனியார் கம்பெனி ஊழியர் சம்பளத்தைப் பிடிக்கத் தனி விதியும் சேர்ந்தது. சட்டம் தரும் விலக்கை விட்டுக்கொடுப்பதாகக் கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது. ‘என் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொள்ள சம்மதம்’ என்ற வரியோடு வந்த பத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு மதிப்பில்லை என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பலர்.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஒரே ஆள் மேல் இரண்டு மூன்று கோர்ட் ஆணைகள் வரும்போது. பிடிக்கக்கூடிய பங்கு ஒன்றுதான். எத்தனை பேர் டிகிரி வாங்கினாலும் அது கூடாது. 21ஆம் ஆணையின் 48ஆம் விதி இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதல் ஆணைப்படி பணம் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஆணை வந்தால், பழைய ஜப்தியின் முழு விவரத்தையும் எழுதி, இரண்டாவதை அனுப்பிய கோர்ட்டுக்கே உடனே திருப்பி அனுப்ப வேண்டும். மறந்துபோய் ஊழியருக்கு முழுச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு அரசே பொறுப்பு. ஆகவே சம்பளப் பிரிவில் யாரும் அந்த உறையை மேஜையில் தூங்கவிட மாட்டார்கள்.

திருப்பி அனுப்பிய சில நாளில் கடன் கொடுத்தவர் நேரில் வந்து நிற்பார். “என் ஆர்டரையும் கொஞ்சம் உள்ள விடுங்க சார்.”

“உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் நிக்கிறாருங்க. அவருக்கு முடியணும்.”

“எப்ப முடியும்?”

அதற்குப் பதில் சொல்ல ரிஜிஸ்டரைப் புரட்டினால் போதும். முதல் ஆணைக்கு 24 மாதம், அதன்பின் 12 மாதம் ஓய்வு, அதற்கப்புறம்தான் இவர் முறை. டிகிரியை நிறைவேற்றக் காலவரம்புச் சட்டம் தரும் அவகாசம் 12 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருவர் என்று வைத்தால், 12 ஆண்டில் நான்கு பேருக்குத்தான் இடம். ஐந்தாவது ஆள் கையில் இருப்பது வெறும் காகிதம்.

விவரமான வக்கீல்கள் இந்த வரிசையில் நிற்க மாட்டார்கள். 73ஆம் பிரிவு என்று ஒரு வழி உண்டு. பணம் வந்து சேரும் கோர்ட்டில், பணம் வருவதற்கு முன்பே மனுப் போட்டுவிட்டால், வருகிற தொகையை டிகிரி வைத்திருப்பவர்கள் விகிதப்படி பங்கு போட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் பணம் வருவதால் மாதாமாதம் புதிதாக ஒரு வாய்ப்பு. பிடித்தம் எங்களுக்கு ஒன்றுதான். கோர்ட்டில் அது எத்தனை துண்டாகிறது என்பது எங்கள் பட்டியலில் தெரியாது. முதல் ஆளுக்குப் பாக்கி அடைவது இன்னும் தள்ளிப்போகும். கடன்பட்டவருக்கோ வட்டி நின்றபாடில்லை. டிகிரிக்குப் பிறகு கோர்ட் வழக்கமாகப் போடும் வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம்தான் என்பது அவருக்கு ஓர் ஆறுதல். அவர் கடன் வாங்கிய இடத்தில் 6 என்றால் ஒரு மாதத்துக்குக்கூடப் போதாது. தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் தனித் தடைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஜீவனாம்சம் இந்த வரிசையில் தனி. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கொடுக்க வேண்டிய ஜீவனாம்ச டிகிரி என்றால், ஊழியருக்குச் சட்டம் காப்பது மூன்றில் ஒரு பங்கு மட்டும். மற்ற கடன்களுக்கு இருக்கும் ‘முதல் தொகை’ இதற்குக் கிடையாது. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை.

என் ரிஜிஸ்டரில் ஏறிய பெயர்களில் பலர் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவர்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். சீட்டுக் கம்பெனியில் சீட்டு எடுத்தால் அரசு ஊழியர் இருவர் ஜாமீன் வேண்டும் என்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் நீட்டினால் “சரி அண்ணே” என்று போட்டுக் கொடுப்பது அலுவலக மரியாதை. பதிலுக்கு நாளை அவர் உங்களுக்குப் போடுவார். சீட்டு எடுத்தவர் தவணை கட்டாமல் நின்றுவிட்டால், கம்பெனி மூவர் மேலும் வழக்குப் போடும். யார் சம்பளத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அவர் மேல் முதலில் ஆணை வரும். இப்படி ஒரே பிரிவில் வரிசையாக நான்கு மேஜைக்கு ஜப்தி வந்த மாதமும் உண்டு. போதாததற்கு நன்னடத்தை விதி. மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு விதிகளின் 17ஆம் விதிப்படி, கடனுக்காகத் தன்மேல் வழக்கு வந்தால் ஊழியர் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன் போட்டவரும் ‘கடனாளி’ என்ற விளக்கக் கடிதம் எழுதினார்.

சம்பள ஜப்தியைவிடப் பழையது சிறை. டிகிரி வாங்கியவர் கடனாளியைப் பிடித்து சிவில் சிறையில் போடலாம், சாப்பாட்டுச் செலவை அவரே கட்டவேண்டும். 1936இல் இதற்குக் கடிவாளம் வந்தது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், கையில் இல்லாதவரை இல்லாமைக்காகவே சிறையில் தள்ளுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கு ஒவ்வாது என்று தீர்ப்பெழுதினார். ஏமாற்றுகிற கெட்ட எண்ணம் இருந்தால்தான் சிறை. அதன்பின் மாதச் சம்பளக்காரர் விஷயத்தில் கடன் கொடுத்தவரின் கவனமெல்லாம் சம்பளப் பட்டியலுக்கே வந்தது.

அந்தப் பட்டியலில் இன்று நிற்கும் எண் 1,000. 1999இல் நிறைவேறி 2002 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், 400ஐ ஆயிரமாக்கியது. முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஊழியருக்கு. இந்த எண்ணின் கதையைக் கணக்காகவே காட்டலாம். 1977இல் 700 ரூபாய் வாங்கியவருக்கு 400 போக மீதி 300, அதில் மூன்றில் ஒன்று 100. ஏழில் ஒரு பங்குதான் கோர்ட்டுக்குப் போனது. அரசு விலக்கு அறிவித்த படிகளை ஒதுக்கிய பிறகு இன்று 31,000 நிற்கிற ஒருவருக்கு ஆயிரம் போக மீதி 30,000. கோர்ட்டுக்கு 10,000. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. சட்டத்தின் விகிதம் மாறவில்லை. அந்த ஆயிரம் கரைந்துபோனதுதான் வித்தியாசம்.

காக்கப்பட்ட 21,000 முழுவதும் வீட்டுக்குப் போகும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. வைப்பு நிதிச் சந்தா, வருமான வரி, அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன் தவணை எல்லாவற்றையும் ஜப்தி செய்யமுடியாத பங்கிலிருந்தே பிடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கூட்டுறவு சொசைட்டிப் பிடித்தமும் நடைமுறையில் அந்த மிச்சத்தில்தான் விழும். கணக்குக்காக வைப்பு நிதிக்கு 3,000, வீட்டுக் கடனுக்கு 4,000, சொசைட்டிக்கு 5,000 என்று வையுங்கள். 31,000த்தில் கைக்கு நிற்பது 9,000. கோர்ட்டுக்கு எதிராகச் சட்டம் காத்துக் கொடுத்த பங்கு, மற்ற எல்லோருக்கும் திறந்த கதவு. “சார், இந்த மாசம் கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன தொகை பெரும்பாலும் இந்த இரண்டாவது கழித்தலில்தான் சுருங்கியது.

இதற்குத் தீர்வை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்து 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கோர்ட்டே பார்த்து ஒரு தொகையை ஒதுக்கவும், பல கடன்களை ஒரே ஆணையாகத் திரட்டவும் வழி செய்தது. நம்மிடம் அதற்கும் முந்திய ஏற்பாடு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கான 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் 1964இல் சேர்த்த வரம்புப்படி, கோர்ட் ஆணை, வரி, அபராதம், கடன் என்று எந்தப் பெயரில் பிடித்தாலும் மொத்தம் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. அதில் கூட்டுறவுச் சங்கப் பிடித்தமும் இருந்தால் வரம்பு 75 சதவீதமாக இருந்தது. 60ஆம் பிரிவில் அப்படி ஒரு மொத்த வரம்பு கிடையாது. அது கோர்ட்டுக்குப் போவதை மட்டும் எண்ணுகிறது.

நான் கேட்பது இரண்டுதான். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து நகர்கிறது. அதே பட்டியலில் உள்ள அந்த ஆயிரமும் அதே குறியீட்டைப் பார்த்து நகரட்டும். கடன் கொடுத்தவர்களை வரிசைப்படுத்த நூறு வருடமாக விதி செய்த சட்டம், எல்லாப் பிடித்தமும் போன பிறகு கைக்கு வரும் தொகை இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு வரி எழுதட்டும். அதைக் கணக்கிடப் புது ஆள் வேண்டாம். சம்பளப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தொகையை நாங்கள் மாதாமாதம் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.