கொடையும் கணக்கும்

கல்விக்குப் பொருள் ஈந்தவரைப் போற்றுதல் நம்மவரிடமுள்ள நல்வழக்கம். அப்பொருள் பின்னர் என்னவாயிற்று என்று வினவுதலோ மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறியச் சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலையின் வரலாற்றை நோக்குதல் தகும்.

செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர் தம் கல்லூரிகளோடு 20 லட்ச ரூபாயும் அளித்தார். தனிச் சட்டம் ஒன்றின்படி 1929ல் சர்வகலாசாலை தோன்றிற்று. தமிழ்நாட்டில் சென்னையைத் தவிர வேறு சர்வகலாசாலை இல்லாத காலம் அது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய சமூகத்தில், நமது கெடாவின் ரப்பர் நிலங்களின்மேலும் கடன் கொடுத்த சமூகத்தில், பிறந்த ஒருவர் இத்தகைய கொடை செய்ததை யார்தாம் மெச்சார்?

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. நிறுவியவர் இணைவேந்தர், அவருக்குப் பின் அவர் வாரிசு. துணைவேந்தர் பதவிக்குப் பெயர் குறித்து அனுப்பும் உரிமையும் அவருடையதே. பொதுப்பணமும் மாணவர் கட்டணமும் சேரும் ஓரிடத்தில் அதிகாரம் பரம்பரைச் சொத்தாயிற்று. கோயில் தர்மகர்த்தாக்களைக் கேள்வி கேட்ட சீர்திருத்தக்காரர்கள் இதனை அவ்வளவாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

1979ல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிற்று. கட்டணம் பெருகிற்று, உத்தியோகஸ்தர் தொகையும் வேலைக்கு மிஞ்சிப் பெருகிற்று. 2012ன் இறுதியில் சம்பளத்துக்கே தட்டுப்பாடு வர, ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தது, கிளர்ச்சியும் எழுந்தது. 2013 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஓர் அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. அவ்வாண்டே புதிய சட்டம் இயற்றிப் பழைய குடும்ப உரிமைகளை நீக்கிற்று. மிகுதியான ஊழியரில் ஆயிரக்கணக்கானோர் பிற அரசாங்கக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். அரசாங்கம் ஏற்ற பின்னும் மருத்துவக் கல்லூரியில் தனியார் கட்டணமே வாங்கப்பட்டது. மாணவர் பல வாரங்கள் போராடிய பிறகே 2021ல் அது சுகாதாரத் துறைக்குச் சென்றது.

கேடு அத்தோடு முடியவில்லை. அஞ்சல்வழிப் பாடங்களுக்கு 2014-15ஆம் கல்வியாண்டு வரையில்தான் தன் அங்கீகாரம் உண்டென்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. பணம் கட்டிப் படித்தவர் கையிலிருந்த பட்டம் ஐயத்துக்குள்ளாயிற்று.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்துக் கிராணி மாதக் கடைசியில் செக்ரோலுக்கும் கையிருப்புக்கும் ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தால் துரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்லூரிகளுக்கு அத்தகைய கட்டு இங்கே பிந்தித்தான் வந்தது. 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்தின்படி, கல்லூரி நடத்துவோர் கம்பெனி அமைத்துப் பதிய வேண்டும். பாடப்பிரிவுக்கு அனுமதி பெற வேண்டும். தரத்தைப் பரிசீலிக்கும் பொறுப்பு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலேசியத் தகுதி முகமையிடம் சேர்ந்தது. நம் சுங்கைப் பட்டாணிக்கு அருகே செமிலிங்கில் நிற்கும் எய்ம்ஸ்ட், 2001ல் தோன்றியது. அதுவும் இச்சட்டங்களுக்கு உட்பட்டதே.

பால்மரம் வெட்டியும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் இவற்றைக் கையாளலாம். அங்கீகாரம் பெற்ற பாடங்களின் பதிவேட்டை முகமை பொதுவில் வைத்திருக்கிறது. கம்பெனிகள் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கையோ, கம்பெனிப் பதிவு ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் வாங்கிப் பார்க்கலாம்.